சாமிக்கு மேலே கட்டிய வீடு

கப்பலில் பதினெட்டு வருஷம் தட்டு கழுவிச் சேர்த்ததையெல்லாம் போட்டு, வெளியூர் விருந்தாளிகளுக்கு வாடகைக்கு விட ஒரு மரவீடு கட்டினேன். எங்கள் தீவின் மலையூரில் குலசாமி கோயிலுக்கு மேலே, மலைப்பக்கமாக, மனிதர் படுக்கக் கூடாது. ஐந்து வயதுக் குழந்தைக்கும் தெரிந்த விஷயம். எனக்கு மட்டும் ஜன்னலில் தெரியப்போகும் எரிமலைதான் கண்ணில் பட்டது.

கூரை முடிந்த அன்று பூசாரி வந்தார். "நெங்கா, சாமி தலைமாட்டுல காலை நீட்டிப் படுக்கப் போறியா? பிரிச்சுடுப்பா."

பிரித்தால் மறுபடி கட்டக் கையில் ஒன்றுமில்லை. திண்டாடிப்போய் ஊர்த்தலைவர் ரெந்தியிடம் சொன்னேன்.

"ஏன் பிரிக்கணும்? தூக்கிருவோம்," என்றார்.

மறுநாள் காலை அவர் ஊரைக் கூட்டும் மரமுரசைத் தட்டியதும் எண்பது ஆண்கள் மூங்கிலோடு வந்து நின்றார்கள். வீட்டுக்கு அடியில் மூங்கில்களைக் குறுக்கும் நெடுக்குமாகச் செருகிக் கட்டினார்கள்.

"ஊர் வேலைக்குக் கூப்பிட்டா கடல்ல இருப்பான். இப்ப வீட்டையே நம்ம தோள்ல ஏத்துறான்," என்றான் கூட்டத்தில் நின்ற சுவெதா.

"நீயும் புடி அண்ணே, உன் வீடுதான," என்று என்னையும் ஒரு மூங்கிலடியில் தள்ளினார்கள்.

தலைவர் குரல் கொடுத்தார். வீடு எழுந்தது. பனிமூட்டத்துக்குள், கதவு ஜன்னலோடு, யானை இறங்குவதுபோல் சரிவில் நடந்தது. கோயிலைத் தாண்டி, காப்பித் தோட்டத்துக்குக் கீழே அலுங்காமல் உட்கார்ந்தது.

கோழிக்கூடையை நகர்த்தி வைத்தவர்கள்போல் எல்லோரும் காப்பி கேட்டார்கள். நான் அடுப்பை மூட்டி, இருந்ததிலேயே பெரிய பானையை ஏற்றினேன்.