ஒரு தூக்குவாளி வெயில்

பனிச்சிற்ப விழாவிலிருந்து குணவதிக்கு ஒரு தூக்குவாளி நிறையப் பனி வந்திருந்தது. அங்கே மார்கழி. இங்கே வேலூரில் கத்திரி. இரண்டும் ஒரே வியாழக்கிழமையில் விழுந்த வருஷம் அது. வாளியின் கழுத்தில் ஒரு கடிதம் கட்டியிருந்தது. 'உங்கள் சிலையை முப்பது அடி உயரத்தில் செய்து முடித்துவிட்டோம். ஞாயிற்றுக்கிழமைக்குள் வந்து பார்க்கவும். திங்கட்கிழமை இருக்காது.'

குணவதிக்குக் கால் தரையில் பாவவில்லை. இருபத்தாறு வருஷமாகப் பனி பார்க்கத் திட்டம் போடுகிறவள் அவள். அதற்கென்று வாங்கிய ஸ்வெட்டர் இருபத்தாறு வருஷமாக நாப்தலின் உருண்டைகளோடு பீரோவில் படுத்திருக்கிறது. ஒவ்வொரு வருஷமும் அவள் புருஷன் மாசிலாமணி "அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்பார். மனுஷர் கெட்டவர் இல்லை. வாய் அப்படிப் பழகிவிட்டது.

இந்த முறை சிலையே எழும்பி நிற்கிறது. இனி என்ன சொல்லித் தட்டிக்கழிப்பார்? வந்த பனியை மோரில் போட்டு மூன்று டம்ளர் குடித்துவிட்டு, "சரி, கிளம்பு" என்றார்.

கிளம்புவது பெரிய விஷயமா? வந்த வாளியைத் திருப்பிக் கொடுக்க வேண்டுமே! பக்கத்து வீட்டிலிருந்து குழம்பு வந்த கிண்ணத்தைக்கூட வெறுமனே அனுப்பாத கை குணவதியுடையது. முப்பதடிக்குச் சிலை செய்தவர்களுக்கு எதைப் போட்டுக் கொடுப்பது?

யோசனை கேட்க எதிர்வீட்டு நாதமுனியிடம் போனார்கள். நாதமுனி சித்திரை பிறந்ததிலிருந்து டேபிள் ஃபேனாக இருக்கிறார். அவர் சம்சாரத்துக்கு அதில் ஒரு குறையும் இல்லை.

"அண்ணே, லட்டு புடிச்சுப் போடட்டுமா?" என்றாள் குணவதி.

நாதமுனி தலையை இடமிருந்து வலமாக ஆட்டினார்.

"முறுக்கு?"

வலமிருந்து இடமாக ஆட்டினார்.

"பின்ன இன்னாதான் போடறது?"

"அவங்ககிட்ட இல்லாதது…" என்று சுவரைப் பார்த்துச் சொன்னார் நாதமுனி. அவர் முகம் திரும்பி வரும்வரை காத்திருந்தார்கள். "…நம்மகிட்ட கொட்டிக் கெடக்கறது."

அப்புறம் சொல்லவா வேண்டும்! குணவதி வாளியைக் கழுவி அடுப்பு மேடையில் கவிழ்த்தாள். அதே அளவில் அவளுடைய வாளி ஒன்றும் பக்கத்தில் கவிழ்ந்திருந்தது. மறுநாள் பதினோரு மணிக்கு ஒன்றை எடுத்துப் போய் மொட்டை மாடியில் வடாமுக்குப் பக்கத்தில் திறந்து வைத்தாள். மூன்று மணிக்குப் போய் மூடினாள். வெயில் கழுத்துவரை நிறைந்திருந்தது. கரித்துணி வைத்துத்தான் தூக்க முடிந்தது.

விழாவுக்குள் விட அனுமதி தரும் பனித்துறை அலுவலகம் ஒரு மாடியில் இருந்தது. உள்ளே ஒரே ஒரு தாழ்வாரம். நடக்க நடக்க நீண்டது. நாற்பதாவது ஜன்னலுக்கடியில் உட்கார்ந்து தயிர்சாதம் சாப்பிட்டார்கள். அறுபதாவது ஜன்னலுக்கு வெளியே பனி பெய்துகொண்டிருந்தது. "தோ பாருங்க! ஏங்க, தோ பாருங்க!" என்று குணவதி கைதட்டினாள். ஸ்வெட்டரை அங்கேயே மாட்டிக்கொண்டாள்.

தாழ்வாரக் கோடியில் குரங்குக் குல்லா போட்ட அதிகாரி ஒருவர் உட்கார்ந்திருந்தார். படிவம் ஒன்றை நீட்டினார். அதில் ஒரே கேள்வி. 'நீங்கள் இருக்கிறீர்களா?'

"எதிர்லதான் இருக்கோம், சார்" என்றார் மாசிலாமணி.

"எழுதிக் குடுங்க."

மாசிலாமணி 'இருக்கிறோம்' என்று எழுதினார். எதற்கும் இருக்கட்டும் என்று 'நலம்' என்றும் சேர்த்துக்கொண்டார்.

"வாளியில இன்னா?"

"வெயிலு" என்றாள் குணவதி.

"எவ்ளோ?"

"நாலு மணி நேரம்."

"அனுமதி இல்லம்மா. கொட்டிட்டுப் போங்க."

"வெறும் வாளியையா குடுக்கறது? நல்லாருக்கு நியாயம்!"

"ஒரு புடி சர்க்கரை போட்டுக் குடுத்துட்டா?" என்று இழுத்தார் மாசிலாமணி.

"சர்க்கரை பாக்கறதுக்குப் பனியாட்டம் இருக்கும். அது கடத்தல்."

குணவதி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். அதிகாரிக்குப் பின்னால் ஒரு கதவு. கதவிடுக்கில் வெள்ளை வெளேரென்று தெரிந்தது. பத்தடி தூரம். அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஆனாலும் வெறுங்கையோடு அந்தப் படியை மிதிக்க மனசு ஒப்பவில்லை.

"இருபத்தாறு வருஷம், குணா" என்றார் மாசிலாமணி மெதுவாக.

"தெரியும். அதுக்காக மானத்த உட்டுட்டுப் போவ முடியுமா? வாங்க, ஊட்டுக்குப் போலாம்."

அதிகாரி குல்லாவைக் காதுக்கு மேலே தூக்கினார். "நல்ல வெயிலா?"

"இன்னா இப்படிக் கேட்டுட்டீங்க! வடாம் ஒரே நாள்ல காஞ்சிரும்."

அதிகாரி அக்கம்பக்கம் பார்த்தார். மேஜைக்கடியில் குனிந்து ஒரு சாக்ஸைக் கழற்றினார். அது பதினோரு வருஷமாக ஈரமாக இருந்தது. குணவதி மூடியை விரல்கடை அளவு திறந்தாள். சாக்ஸ் நான்கு விநாடியில் மொறுமொறுவென்று ஆனது. அதிகாரி அதைக் கன்னத்தில் வைத்துக்கொண்டார். பிறகு படிவத்தில் 'சாக்ஸ் காயவைக்கும் சாமான், ஒன்று' என்று எழுதி முத்திரை குத்தினார்.

கதவு திறந்தது. அடேயப்பா! பனியில் யானை, பனியில் கப்பல், பனியில் ஒரு முழு பஸ் ஸ்டாண்டு. குணவதி சின்னப்பிள்ளை மாதிரி குதித்தாள். நடுவில் முப்பதடிக் குணவதி நின்றிருந்தாள். அந்த முகத்தைப் பார்த்ததும் குதிப்பது நின்றுவிட்டது. சிலை உம்மென்று இருந்தது.

"வாங்க, வாங்க. சாப்டீங்களா?" என்று வந்தாள் சிற்பிகளின் தலைவி. "ரேஷன் கார்டு படம்தான் கெடச்சுது. அதப் பாத்துதான் செஞ்சோம்."

"நான் இப்படியாங்க இருக்கேன்?" என்று குணவதி புருஷனைக் கேட்டாள்.

மாசிலாமணி பனிக்கப்பலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

குணவதி வாளியைக் கொடுத்தாள். தலைவி ஆசையாக மூடியைத் திறந்தாள். வேலூர் வெயில் எழும்பி நேரே சிலையின் முகத்தில் அடித்தது. கன்னம் இளகிக் குழி விழுந்தது. உதடு நெகிழ்ந்தது. தலைவி சட்டென்று மூடினாள். சிலை சிரித்துக்கொண்டிருந்தது.

"இப்பதான் உன்னாட்டமே இருக்கு" என்றார் மாசிலாமணி.

சிற்பிகள் ஒரு பானையில் மீதி வெயிலை ஊற்றி, சுற்றி உட்கார்ந்து கையுறையைக் கழற்றினார்கள். தலைவி வாளியைக் கழுவித் திருப்பிப் பார்த்தாள். அடியில் புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டியிருந்தது. குணவதி.

"இது உங்க வாளியாச்சே!"

குணவதி நாக்கைக் கடித்துக்கொண்டாள். "ஐயையோ! உங்களுது எங்க ஊட்டு மேடையில கவுந்து கெடக்குது."

"அதனால இன்னா" என்ற தலைவி, வாளி நிறையப் பனியை அள்ளிப் போட்டு அழுத்தி மூடினாள். "வெறும் வாளியக் குடுத்து அனுப்ப முடியுமா?"

குணவதி மாசிலாமணியைப் பார்த்தாள். மாசிலாமணி வாயைத் திறந்தார்.

"அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்றார். "வாளியத் திருப்பிக் குடுக்கணுமில்ல."

இருபத்தாறு வருஷத்தில் அந்த வார்த்தை முதல் தடவையாக அவள் காதில் தேனாக விழுந்தது. ஸ்வெட்டர் பையில் கை விட்டாள். நாப்தலின் உருண்டை ஒன்று அகப்பட்டது. இனி இது எதற்கு? சிலை மூக்குத்தி இல்லாமல் நிற்பதை அப்போதுதான் கவனித்தாள்.

"கொஞ்சம் குனி" என்றாள்.

சிலை குனிந்தது.