அரைக்கை

துப்பாக்கி செய்து தரும் ரஸ் பிக்கட்டிடம் அது எப்போது கிடைக்கும் என்று யாரும் கேட்டு வாயை வீணாக்கிக்கொள்வதில்லை. இரண்டு வருடம். யார் வந்து நின்றாலும் அதே இரண்டு வருடம்தான். பிள்ளை பிறந்த அன்று சொல்லிவைத்தால் அந்தப் பிள்ளையே நடந்து வந்து வாங்கிக்கொண்டு போகும் என்று லூயிஸ்டவுனில் கேலி பேசுவார்கள். சொந்த மைத்துனனுக்குக்கூட மனுஷர் வரிசையை மாற்றியதில்லை. பட்டறைச் சுவரில் ஒரு கரும்பலகை உண்டு. அதில் சாக்குக்கட்டியால் பேரை எழுதினால் எழுதியதுதான், அழிப்பது துப்பாக்கி கைமாறும் அன்றைக்குத்தான்.

மார்ச் மாதத்து மத்தியானம் ஒன்றில் ஆர்லோ டோலெஃப்சன் அங்கே வந்து சேர்ந்தார். முப்பத்தொரு வருடம் மாவட்டச் சாலைகளில் பனி தள்ளும் வண்டி ஓட்டி ஓய்வு பெற்றவர். எல்க் மான் வேட்டைக்குத் தன் உடம்புக்கு அளவெடுத்துச் செய்த ஒரு துப்பாக்கி வேண்டும் என்பது அவருடைய வெகுநாள் ஆசை. இன்றைக்கு ஆக்‌ஷனைத் தேர்ந்தெடுக்க வேண்டும். தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டி, சுட்டபின் வெளியே இழுத்து எறிகிற இரும்புக் கூடும் அதற்குள் முன்னும் பின்னும் ஓடும் போல்ட் என்கிற தண்டும் சேர்ந்ததுதான் ஆக்‌ஷன். குழலும் தோளில் ஊன்றும் மரக்கட்டையும் அதற்கப்புறம்தான்.

அவருடைய வலது கை கோட்டுப் பையிலேயே இருந்தது. நவம்பரில் பில்லிங்ஸ் நகரத்து டாக்டர் அந்தக் கையின் நடுக்கத்துக்கு ஒரு பெயர் சொன்னார். ஆர்லோ வீட்டுக்கு வந்து மனைவி லோயிஸிடம் கழுத்து நரம்பு பிசகியிருக்கிறதாம் என்றார். வருடாவருடம் தன்னோடு வேட்டை முகாமுக்கு வரும் ஐந்து பேரிடம், ரஸ்ஸிடமும்தான், அதுவும் சொல்லவில்லை. துப்பாக்கி பிடிக்க முடியாதவன் என்று தெரிந்துவிட்டால் அவர்கள் இரக்கப்படுவார்கள், அதைத் தாங்க அவரால் ஆகாது. இன்றைக்கு இந்தப் பட்டறையை விட்டு ஒன்றும் தெரியாமல் வெளியே போய்விட வேண்டும், அவ்வளவுதான் அவருக்கு.

"வாய்யா, காப்பி இருக்கு. காலைல போட்டது, தார் மாதிரி இருக்கும்" என்றார் ரஸ்.

"உன் காப்பியக் குடிக்கிறதுக்கு நான் ரோட்டுத் தாரையே குடிப்பேன்."

ரஸ் சிரித்துக்கொண்டே மேசையைத் துடைத்தார். மூன்று ஆக்‌ஷன்களை தனித்தனிப் பழைய கட்டைகளில் சாண் நீளக் குழலோடு பொருத்தி வைத்திருந்தார். பக்கத்தில் வெடிக்காத பித்தளைத் தோட்டாக்கள் மூன்று, மேலே மசியால் ஒன்று, இரண்டு, மூன்று என்று எழுதியவை.

"மொதல்ல இது. பழைய ஜெர்மன்காரன் வேலை. இழுவை நீளம், ஆனா நீ தலைகீழா நின்னாலும் தோட்டாவ விடாது."

ரஸ் தோட்டாக்களை அடியிலிருந்த மேகசின் பெட்டியில் அடுக்கித் தர, ஆர்லோ கையைப் பையிலிருந்து எடுத்தார். எடுத்த வேகத்திலேயே போல்ட்டின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். எதையாவது இறுக்கிப் பிடித்திருந்தால் நடுக்கம் கொஞ்சம் அடங்கியிருக்கும், அந்தத் தந்திரத்தை அவர் கற்றிருந்தார். போல்ட்டைத் தள்ளினார், ஒன்றாம் தோட்டா உள்ளே போனது. இழுத்தார். முழுக்க இழுத்ததாகத்தான் நினைத்தார். தள்ளினார். பூட்டியபின் ரஸ் குனிந்து பார்த்தார், ஆர்லோவும் பார்த்தார். மேகசினில் இரண்டாம் தோட்டா அப்படியே இருந்தது. உள்ளே போயிருந்தது பழைய ஒன்றாம் தோட்டாவேதான்.

கை பாதி வழியில் நின்றிருக்கிறது. மூளை முழுக்க என்றது, கை பாதியில் போதும் என்றுவிட்டது.

இதற்கு அவர்கள் முகாமில் ஒரு பெயர் உண்டு. அரைக்கை. மானைக் கண்ட பதற்றத்தில் போல்ட்டை அரைகுறையாக இழுத்தவன் அந்த வருடம் முழுக்கப் பாத்திரம் கழுவ வேண்டும். பெயரை வைத்ததும் தண்டனையை வைத்ததும் ஆர்லோதான். எண்பத்தொன்பதாம் வருடம் ஆறு கிளைக் கொம்புள்ள எல்க் ஒன்று எதிரே நிற்க, ரஸ் பாதி இழுத்துத் தள்ளி வெற்று ட்ரிகரைச் சொடுக்கினார். துப்பாக்கி செய்கிறவனே இப்படிச் செய்தால் ஊர் விடுமா. பதினோரு வருடம் அவரை அரைக்கை ரஸ் என்றே கூப்பிட்டு உயிரை வாங்கினார் ஆர்லோ. ரஸ்ஸின் கல்யாண விருந்தில்கூட விடவில்லை.

இப்போது ரஸ்ஸின் முறை. அந்த வார்த்தை வந்து விழும் என்று ஆர்லோ கழுத்தைச் சுருக்கிக்கொண்டு காத்திருந்தார்.

"புதுசா எண்ணெய் போட்டேன், கொஞ்சம் பிசுபிசுங்குது. அடுத்தத பாரு" என்றார் ரஸ்.

இரண்டாவது, ஊரில் பாதிப் பேர் வைத்திருக்கிற மாதிரி. அதிலும் ஒன்றாம் தோட்டாதான் திரும்ப உள்ளே போனது. "கைப்பிடி சின்னதா இருக்கு, வழுக்குது" என்றார் ஆர்லோ. ரஸ் ஆமாம் போட்டார். மூன்றாவது குட்டை ஆக்‌ஷன், இழுவையும் குறைவு. முதல் தடவை சரியாக வந்தது. ஆர்லோவின் நெஞ்சு எம்பியது. அடுத்த தடவை அவசரப்பட்டார். தோட்டா குறுக்கே சிக்கிக்கொள்ள, கை கைப்பிடியை விட்டுவிட்டு மேசைமேல் தன் பாட்டுக்கு ஆட ஆரம்பித்தது. தகர டப்பாவிலிருந்த திருகாணிகள் கலகலத்தன. ஆர்லோ இடது கையால் வலது கையை அமுக்கிப் பிடித்தார்.

"சொல்லித் தொலையேன்யா" என்றார்.

"என்னத்த?"

"அரைக்கைன்னு. பதினோரு வருஷம் உன்னச் சொன்னேன். சொல்லு."

ரஸ் திருகாணிகளைப் பொறுக்கி டப்பாவில் போட்டார். "அதெல்லாம் முகாம் பேச்சு. இங்க என்னத்துக்கு" என்றார். ரஸ் பிக்கட் கேலி செய்யவில்லை என்றால் நிலைமை அவ்வளவு மோசம்.

ரஸ் இழுப்பறையைத் திறந்து இன்னொன்றை எடுத்து வைத்தார். கைப்பிடி இடது பக்கம் இருந்தது. "வெளியூர்க்காரன் ஒருத்தன் சொல்லிட்டு வாங்காமப் போயிட்டான். சும்மா கிடக்கு" என்றார். அதோடு எடுத்து வைத்த பித்தளைத் தோட்டாக்களில் மசி இன்னும் காயவில்லை. ஆர்லோவின் விரலில் ஒட்டியது. அவர் வருவதற்கு முன்பே எழுதி வைத்திருக்கிறார் மனுஷர்.

"எத்தனை நாளாத் தெரியும்?"

"நவம்பர் முகாம்ல நீ மேல்மலைக்கு வரலைன்னு கூடாரத்துலயே இருந்தியே, அப்பவே. எங்க அப்பாவுக்கும் இதான்யா."

ஆர்லோ தோட்டாக்களை உள்ளே அடுக்கினார். இடது கையால் போல்ட்டைப் பிடித்தார். ஒன்று உள்ளே போய் வெளியே வந்து மேசையில் உருண்டது. இரண்டு. மூன்று. அத்தனை வழவழப்பு. நாற்பத்தைந்து வருடம் வலது கையால் சுட்டவருக்கு இது வந்திருக்கவே கூடாது, வந்தது. ரஸ் மேசையைத் தட்டி, "பாத்தியா, பாத்தியா" என்று பிள்ளை மாதிரி சந்தோஷப்பட்டார். கட்டையை எங்கே வளைப்பது, கன்னம் எங்கே படும் என்றெல்லாம் விரலால் காற்றில் வரைந்தார்.

அவர் சந்தோஷத்தை ஆர்லோவால் கெடுக்க முடியவில்லை. போன செவ்வாய்க்கிழமை ஷூவுக்கு முடிச்சுப் போடும்போது இடது கட்டை விரல் தானாகத் துடித்ததை அவர் டாக்டரிடம்கூட இன்னும் சொல்லவில்லை. வேண்டாத பிரமை என்று தன்னிடமே சாதித்துக்கொண்டிருந்தார்.

"சரி, இதையே வச்சுக்கலாம். பலகைல போடு" என்றார்.

பலகையில் பதிமூன்று பெயர்கள் இருந்தன. கீழே பதினாலாவதுக்கு இடம் தாராளமாக இருந்தது. ரஸ் ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி, முதல் பெயருக்கும் மேலே, சட்டத்தை ஒட்டியிருந்த கொஞ்ச இடத்தில் நுணுக்கி எழுதினார். டோலெஃப்சன். பக்கத்தில், செப்டம்பர்.

அந்தச் சொல்லை ஆர்லோ பார்த்துக்கொண்டே நின்றார். இரண்டு வருடம் இந்தக் கை தாங்காது என்றல்லவா அது சொன்னது.

"என்னய்யா எழுதிருக்க? பதினாலாவதுதான நானு."

"அக்டோபர்ல சீசன் தொடங்குதில்ல. அதுக்குள்ள கொஞ்சம் பழகிக்கலாம்ல."

"இந்த அக்டோபர் இல்லாட்டி அடுத்தது. அதுக்கடுத்தது. எனக்கு அவசரமில்ல." பலகையைக் காட்டினார். "யாருக்குமே நீ மாத்தினதில்லய்யா. உன் மச்சானுக்கே மாத்தல. எனக்கும் ரெண்டு வருஷம்னு எழுது. எனக்கு அது போதும், ரஸ். ரெண்டு வருஷம்னு எழுதுய்யா."

ரஸ் ஸ்டூலிலேயே நின்றார். திரும்பவில்லை. பிறகு கட்டை விரலை எச்சில் தொட்டு, செப்டம்பர் என்பதை மெதுவாக அழித்தார். ஆர்லோ மூச்சு விட்டார். வெளியே பிக்கப் வண்டியில் காத்திருந்த லோயிஸ் ஒரு தடவை ஹார்ன் அடித்தாள்.

ரஸ் சாக்குக்கட்டியை எடுத்து, ஈரம் காயாத அந்த இடத்திலேயே மறுபடியும் செப்டம்பர் என்று எழுதினார்.