பெட்ரோவ் மணி அடித்தால் மத்தியானம்

செக் நாட்டில், எங்கள் புர்னோ நகரத்துக் காய்கறிச் சதுக்கத்தில் ஈஸ்டர் சந்தை போட்டால், பாரம்பரியத்தைக் குத்தகைக்கு எடுத்தவர் ஒருவர்தான்: சந்தைக் கண்காணிப்பாளர் ஓல்ட்ரிக் வ்ரானா. ஏப்ரல் குளிரில் எங்களுக்குப் பல் தந்தியடிக்கும். ஆனாலும் பூத்தையல் சட்டைக்கு மேல் ஜாக்கெட் போடக் கூடாது. பிளாஸ்டிக் நாற்காலி கூடாது. ஃபிளாஸ்க்கில் காப்பி குடித்தால்கூடப் பாரம்பரியம் கெட்டுவிடுமாம். இத்தனையும் சொல்கிற மனிதரின் பூத்தையல் கைக்கு அடியில் நாடித்துடிப்பு காட்டும் கைக்கடிகாரம்!

போன வருஷம் தொடக்க நாளில் மைக்கைப் பிடித்துக்கொண்டு முழங்கினார். "ஸ்வீடன்காரன் நம்ம ஊரை முற்றுகை போட்ட காலத்துலேர்ந்து பெட்ரோவ் கோயில்ல உச்சிவேளை மணியைப் பதினோரு மணிக்கே அடிக்கிறோம். மத்தியானத்துக்குள்ள ஊர் விழலைன்னா போயிடுவேன்னு சொன்னவனை அப்படித்தான் ஏமாத்தி விரட்டினோம். உலகம் என்ன வேணா சொல்லட்டும். பெட்ரோவ் மணி அடிச்சா அதுதான் நமக்கு மத்தியானம்!" நாங்களும் கை தட்டினோம். தட்டினால் கொஞ்சம் சூடாவது கிடைக்குமே.

நான் யார்மிலா. முட்டைக்குச் சாயமேற்றி, பிளேடால் கீறிப் பூ வரைந்து விற்கிறவள். ஆறு வருஷமாக என் கடை கழிப்பறைக்குப் பக்கத்தில். அங்கே மூக்கைப் பொத்திக்கொண்டு நின்று எவள் முட்டை வாங்குவாள்? முட்டைப் போட்டியில் முதல் பரிசு வாங்கினால் மறு வருஷம் முன்வரிசையில் இடம். அதற்காகவே ஒரு வாத்து முட்டையைப் பதினேழு நாள் உட்கார்ந்து கீறினேன். தீர்ப்பு ஈஸ்டர் திங்கட்கிழமை மூன்று மணிக்கு. போட்டியில் வ்ரானாவின் மச்சினியும் இருந்தாள். அவள் முட்டையைப் பார்த்தேன். அதை என் வாயால் சொல்ல வேண்டாம்.

அந்தத் திங்கட்கிழமை எங்கள் ஆண்களுக்குக் கொண்டாட்டம். வில்லோ மரக் குச்சிகளைப் பின்னிய சாட்டையால், பாட்டுப் பாடிப் பெண்களைத் தட்டுவார்கள். தட்டு வாங்கியவள் முட்டை கொடுக்க வேண்டும். மத்தியானம் வரைக்கும்தான் அது. அதற்குப் பிறகு முறை எங்களுடையது: அகப்பட்ட ஆணின் தலையில் தண்ணீர்.

பத்தே முக்காலுக்கு வ்ரானா சாட்டையோடு வந்தார். பின்னால் டிவிக்காரர்கள். கடைக்கு ஒரு தட்டு, கடைக்கு ஒரு முட்டை. அவர் கூடையில் விழுந்ததெல்லாம் போட்டிக்கு வைத்த முட்டைகள். இப்படியே போனால் போட்டியில் மிஞ்சுவது மச்சினியின் முட்டை மட்டும்தான்.

என் முறை வந்தது. சுரீரென்று ஒரு தட்டு. நான் சிவப்புக் கோழி முட்டை ஒன்றை நீட்டினேன்.

"அது வேணாம்மா. அந்த வாத்து முட்டையக் குடு."

"அது போட்டிக்கு வெச்சது ஐயா."

"கேமரா ஓடுது. பாரம்பரியத்துக்கே மறுப்பு சொல்லுவியா?"

"குடுத்துத் தொலைக்காதடி!" என்று பல்லைக் கடித்தாள் பக்கத்துக் கடையில் சாட்டை பின்னி விற்கும் விளாஸ்தா.

"குடுக்கறேன் ஐயா. முதல்ல பாட்டுப் பாடுங்க. பாட்டில்லாம முட்டை கேக்கறது எந்த ஊர் வழக்கம்?"

அவர் முகம் வெளுத்தது. முதல் வரி வந்தது. இரண்டாவது வரவில்லை. மறுபடியும் முதல் வரி. கூட்டத்தில் ஒரு சின்னப் பெண், "எனக்குத் தெரியுமே!" என்று குதித்தாள்; அவள் அம்மா சட்டென்று வாயைப் பொத்தினாள், புண்ணியவதி. மூன்றாவது தடவை அவர் முதல் வரியை இழுத்துக்கொண்டிருந்தபோது பெட்ரோவ் மணி அடித்தது.

சாட்டைக் குச்சி ஊறவைக்கும் வாளியை விளாஸ்தா அதற்குள் என் காலடிக்கு நகர்த்தியிருந்தாள். தூக்கினேன். கவிழ்த்தேன். அப்பாடா!

"ஏய்! மணி பதினொண்ணுதான் ஆகுது!" கைக்கடிகாரத்தை உயர்த்திக் காட்டினார்.

"அது உங்க கையில ஐயா. பெட்ரோவ் மணி அடிச்சா மத்தியானம்னு மைக்குல சொன்னது யாரு?"

அவ்வளவுதான். முட்டையைப் பறிகொடுத்த பெண்கள் எல்லாரும் வாளியோடு வந்துவிட்டார்கள். "முட்டை நனைஞ்சிடும் ஐயா, நாங்களே வெச்சிக்கறோம்" என்று கூடையிலிருந்து அவரவர் முட்டையை எடுத்துக்கொண்டு, பிறகு ஊற்றினார்கள். வ்ரானா கேமராவைப் பார்த்து நடுங்கிக்கொண்டே இளித்தார். "பா... பாரம்பரியம்!"

"ஜாக்கெட் தரட்டுமா ஐயா?" என்றாள் விளாஸ்தா. "அய்யோ, கூடாதில்ல!"

மூன்று மணிக்கு முதல் பரிசு எனக்கு. மச்சினிக்கு ஆறுதல் பரிசு. அதை மேடையேறிக் கொடுத்தவர் ஏழு முறை தும்மினார்.

இந்த வருஷத்து அறிவிப்பு போன வாரம் வந்தது. முன்வரிசை, இரண்டாம் கடை, யார்மிலா. கீழே புதிதாக ஒரு விதி: 'பாரம்பரியத்தைக் காக்கும் பொருட்டு, திங்கட்கிழமை மத்தியானம் என்பது கண்காணிப்பாளரின் கைக்கடிகாரப்படியே கணக்கிடப்படும்.'