இருபத்திமூன்று யாருக்கு

என் நாத்தனாரும் நானும் ஒரே மேசையில் உட்கார்ந்து கம்ப்யூட்டர் நெட்வொர்க்கிங் படித்தோம், ஒரு வார்த்தை பேசிக்கொள்ளாமல். வெளியில் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். எங்கள் வகுப்பில் எல்லோருக்கும் தெரியும்.

நான் சூப்பர் மார்க்கெட்டில் கல்லாவில் இருந்தவள். வாடிக்கையாளரே பில் போட்டுக்கொள்ளும் இயந்திரம் வந்து என்னை வீட்டுக்கு அனுப்பியது. என் கணவரின் அக்கா, நான் அண்ணி என்று கூப்பிடுகிறவர், ஒரு பெரிய கம்பெனியில் டெலிபோன் ஆபரேட்டர். பதிவு செய்த குரல் ஒன்று அவர் நாற்காலியைப் பிடுங்கிக்கொண்டது. வேலை போனவர்களுக்குச் சமுதாயக் கல்லூரியில் மாலை வகுப்பு என்று தெரிந்ததும், ஒருவருக்கொருவர் சொல்லாமலே இருவரும் போய்ச் சேர்ந்திருக்கிறோம். முதல் நாள் வாசலில் அவரைப் பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உலகத்தில் வேறு படிப்பா இல்லை? தையல் இருக்கிறது, கேக் அலங்காரம் இருக்கிறது.

பேச்சு நின்றுபோனதற்குக் காரணம் என் கணவர். பாவம், அவர் ஒன்றும் செய்யவில்லை. எப்போதுமே அவர் ஒன்றும் செய்வதில்லை. ஒரு நாள் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில், நான் சமைத்ததைத் தின்றுகொண்டே, அண்ணி சொன்னார்: "என் தம்பி இளைச்சுத் துரும்பாயிட்டான்." தொப்பை மேசையில் இடிக்கிற மனிதரைப் பார்த்து! அன்றைக்கு எழுந்து உள்ளே போனவள்தான் நான்.

எங்கள் ஆசிரியருக்கு 'புரியுதா சார்' என்று பெயர். எதைச் சொன்னாலும் கடைசியில் புரியுதா என்பார். அவர் வணக்கம் சொன்னால்கூட நாங்கள் புரிந்ததாகத் தலையாட்ட வேண்டும். வயதில் மூத்த பெண்கள் இருவர், மனம்விட்டுப் பேசிக்கொள்வார்கள் என்று நினைத்து எங்களை ஜோடி சேர்த்துவிட்டார்.

ஒயரின் தோலைச் சீவி, உள்ளே இருக்கிற எட்டு நூல்களை நிறவாரியாக அடுக்கி, பிளக்கில் செருகி, கிரிம்பிங் டூலால் அழுத்த வேண்டும். அண்ணி செய்தால் அவ்வளவு சுத்தமாக இருக்கும். மனசுக்குள் மெச்சிக்கொள்வேன். வாய்விட்டுச் சொன்னால் என் நாக்கு அழுகிப்போகாதா?

பேசியே தீர வேண்டுமென்றால் பொருள்களோடு பேசினோம்.

"டூலை யாரோ எடுத்து ஒளிச்சு வச்சுட்டாங்க" என்பார் அண்ணி, மின்விசிறியைப் பார்த்து.

"யாருக்கோ கண்ணு தெரியல. மூக்குக்கு முன்னாடிதான் இருக்கு" என்பேன் நான், சுவரிடம்.

இப்படியே செய்முறைத் தேர்வு வந்தது. இரண்டு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர். மூன்றையும் ஸ்விட்ச் என்கிற பொதுப் பெட்டியில் இணைத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு முகவரி கொடுத்து, இரண்டு கம்ப்யூட்டரிலிருந்தும் ஒவ்வொரு பக்கம் அச்சடித்துக் காட்ட வேண்டும். மதிப்பெண் ஜோடிக்குத்தான், தேறினால் இருவரும், கோட்டை விட்டால் இருவரும். தேறியவர்களைக் கல்லூரியே ஆஸ்பத்திரி கம்ப்யூட்டர் பிரிவுக்கு வேலைக்கு அனுப்பும். எனக்கு அந்த வேலை வேண்டும். வீட்டில் சும்மாதானே இருக்கிறாய் என்று சொந்தக்காரர்கள் ஆளாளுக்கு ஒரு வேலையை என் தலையில் கட்டிக்கொண்டிருந்தார்கள். இன்னும் கொஞ்ச நாள் போனால் பைத்தியம் பிடித்துவிடும்.

பயிற்சியின்போது முகவரிகளைப் புரியுதா சாரே சொல்லிவிடுவார். தேர்வில் அப்படி இல்லை. முன்பகுதி எல்லோருக்கும் ஒன்றுதான், தெருப்பெயர் மாதிரி. கடைசி எண்ணை மட்டும், கதவு எண் மாதிரி, நாங்களே வைத்துக்கொள்ளலாம். மற்ற ஜோடிகள் "நீ அஞ்சு, நான் ஆறு" என்று பேசி முடித்துக்கொண்டார்கள். நாங்கள் அவரவர் திரைக்குள் தலையை விட்டுக்கொண்டோம்.

நான் இருபத்திமூன்று என்று போட்டேன். திரையில் ஒரு பெட்டி எழுந்து நின்றது: இதே முகவரி இன்னொரு கம்ப்யூட்டரில் இருக்கிறது.

"இந்த மேசையில காப்பி அடிக்கிறாங்கப்பா" என்றேன் சுவரிடம்.

"காப்பியா? இருபத்திமூணு என் தம்பி பொறந்த தேதி" என்றார் அண்ணி மின்விசிறியிடம்.

"என் புருஷன் பொறந்த தேதி!"

அப்போதுதான் நேருக்கு நேர் பார்த்துக்கொண்டோம். அவர் முகத்தில் புதிதாகச் சுருக்கங்கள். என் முகத்தில் அவர் என்ன பார்த்தாரோ.

"நான்தான் முதல்ல போட்டேன். நீ மாத்து."

"நான் ஏன் மாத்தணும்? நீங்க மாத்துங்க."

"அவனை இடுப்புல தூக்கித் தூக்கி எனக்கு இடுப்பே கோணிப்போச்சு, தெரியுமா?"

"இப்ப அந்தக் குறட்டையில தூங்கறது யாரு, நீங்களா?"

வகுப்பு மொத்தமும் கையில் இருந்த ஒயரைக் கீழே வைத்துவிட்டது. புரியுதா சார் ஓடி வந்தார். தேர்வில் உதவி செய்யக் கூடாது என்பதால் பொதுவாகக் காற்றைப் பார்த்துச் சொன்னார்: "ஒரு நெட்வொர்க்ல ஒரே இடத்துக்கு ரெண்டு பேர் உரிமை கொண்டாட முடியாது. புரியுதா?"

"அதைத்தான் சார் கல்யாணம் ஆன நாள்லேருந்து நான் சொல்லிட்டிருக்கேன்" என்றேன்.

கடிகாரத்தைப் பார்த்தேன், பத்து நிமிடம்கூட மிச்சமில்லை. வேலை போனால் போனதுதான். பல்லைக் கடித்துக்கொண்டு இருபத்திநான்குக்கு மாற்றினேன். பெட்டி மறுபடியும் எழுந்தது. எட்டிப் பார்த்தால், அதே நொடியில் அண்ணியும் இறங்கி வந்து இருபத்திநான்கு போட்டிருக்கிறார். பின்னால் யாரோ வாய்விட்டுச் சிரித்தார்கள்.

"விட்டுக்கொடுக்கறதுலயும் போட்டியா?" என்றேன். அழுகை முட்டியது.

அண்ணி சிரிக்கவில்லை. "அவன் இளைச்சுட்டான்னு உன்னைக் குத்திக்காட்டவா சொன்னேன்?" என்றார். "வேலையும் போச்சு. வீட்டுல பேச ஆள் கிடையாது. அவன் இளைச்சிருந்தாதானே, எதையாவது செஞ்சு எடுத்துக்கிட்டு உங்க வீட்டுப் பக்கம் நான் வர முடியும்?"

எனக்குச் சுருக்கென்றது. நாள் முழுக்க ஊரார் குரலோடு வாழ்ந்தவர், பேச ஆளில்லாமல் இருந்திருக்கிறார். நானோ சுவரிடம் பேசிக்கொண்டிருந்தேன்.

"சும்மாவே வரலாமே அண்ணி" என்றேன். "வாங்கன்னு நான்தான் கூப்பிடல."

அவர் மூக்கை உறிஞ்சினார். "சரி சரி, நேரம் போகுது. நீ இருபத்திநாலு. நான் இருபத்தஞ்சு. பிரிண்டருக்கு?"

பிரிண்டரை இருவரும் பார்த்தோம். ஓரமாக, வாயைத் திறக்காமல், இரண்டு பேரில் யார் எதைச் சொன்னாலும் செய்யக் காத்துக்கொண்டிருந்தது.

"இருபத்திமூணு அதுக்கே இருக்கட்டும்" என்றேன்.

"பொருத்தமாத்தான் இருக்கு" என்றார் அண்ணி.

முதலில் அவர் அனுப்பினார். பிரிண்டர் முனகிவிட்டு ஒரு பக்கத்தைத் தள்ளியது. அடுத்து நான். கொஞ்சம் அதிகமாக முனகியது, ஆனால் அடித்துக்கொடுத்தது. புரியுதா சார் இரண்டு தாளையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, பாஸ் என்றார்.

பிறகு குரலைத் தாழ்த்தி, பயந்து பயந்து கேட்டார்: "ஆஸ்பத்திரியில உங்க ரெண்டு பேருக்கும் இடம் இருக்கு. உங்களை வேற வேற ஷிப்ட்ல போடச் சொல்லட்டுமா?"

"ஒரே ஷிப்ட் சார்" என்றேன், அண்ணி வாயைத் திறப்பதற்குள்.

அண்ணி கண்ணாடியைக் கழற்றி வெகுநேரம் துடைத்தார். மாட்டிக்கொண்டதும் சொன்னார்: "ஒரே ஷிப்ட்தான். ஆனா அங்க முகவரி எல்லாம் நான்தான் போடுவேன். இவளுக்குப் புரியுதான்னு கேட்டுச் சொல்லுங்க."

"என்கிட்டயே கேளுங்க அண்ணி" என்றேன்.