காம்பு நிமிர்ந்த காய்

சவப்பெட்டிக்குள் கையை விட்டுப் பூக்களைத் துழாவிக்கொண்டிருந்தாள் ரேச்சல். புருஷன் கையைத் தடவிக்கொடுக்கிறாள் என்று நினைத்து, ராயபுரத்துப் பெண்கள் மூக்கைச் சிந்தினார்கள்.

அவள் தேடியது ஒரு காயை. துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வுபெற்ற கஸ்பாருக்கு மொட்டைமாடிப் பான்சிப் பூச்செடிகள் என்றால் பைத்தியம். குளிர் ஊரில் இரண்டு வருஷம்கூடத் தாங்குகிற செடி, இங்கே மார்கழியில் பூத்து, மாசி வெயிலில் மண்டையைப் போட்டுவிடும். கரித்தூள் படிகிற மாடியில் இது எதற்கு என்று அவள் சலித்துக்கொள்வாள். அவர் கேட்டால்தானே. வருஷாவருஷம் காயெடுத்து டப்பாவில் போட்டு மூடிவைப்பார். காய் வெடித்து விதை மூடியில் தெறிக்கும்போது, "ரேச்சலு, யாரோ கதவத் தட்றாங்க பாரு" என்பார். அவளும் ஏமாந்து எழுந்துபோவாள். பிறகு விதை பிரிட்ஜில் தூங்கும், ஐப்பசி மழைக்கு மண்ணுக்குப் போகும்.

இன்று காலையில் பக்கத்து வீட்டுப் பட்டம்மாள் அத்தனை செடியையும் அடியோடு கிள்ளி, மடி நிறையக் கொண்டுவந்து பெட்டிக்குள் கொட்டிவிட்டாள். செத்தவர் ஆசையாய் வளர்த்ததை அவரோடு அனுப்பாவிட்டால் ஆவி வாசலையே சுற்றும் என்பது அவர்கள் வீட்டு வழக்கம். "அண்ணன் வச்ச பூவு, அண்ணனோடயே போவட்டும்க்கா" என்று தேம்பினாள். அழுகிறவளை என்ன சொல்ல? இந்த வருஷ விதையை இன்னும் எடுக்கவில்லை. வருகிற மார்கழிக்கு அவர் பேர் சொல்ல வீட்டில் ஒன்றும் இருக்காது.

காம்பு வளைந்து தொங்கினால் பிஞ்சு, எடுத்தும் வீண். நிமிர்ந்தால்தான் விளைந்தது. அகப்பட்டதெல்லாம் பிஞ்சு. பெட்டியை மூட மூடியைத் தூக்கியாயிற்று. பாதர் தொண்டையைச் செருமினார்.

"இன்னாக்கா தேடுற?" என்றாள் பட்டம்மாள்.

"ஒண்ணுமில்ல. ஜெபமாலைய சரி பண்றேன்."

ஜெபமாலைக்கு அடியில், அவர் விரலிடுக்கில் காம்பு நிமிர்ந்த காய் ஒன்று மாட்டியிருந்தது. விரல் விறைத்துப்போய் விடமாட்டேன் என்றது.

"குடுய்யா," என்றாள் மெல்ல. உருவி எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள்.

மறுநாள் மத்தியானம் பட்டம்மாள் கஞ்சி கொண்டுவந்து, அவள் குடிக்கும்வரை நகர்வதில்லை என்று உட்கார்ந்திருந்தாள். அலமாரியில் இருந்த டப்பாவுக்குள் டிக்கென்று ஒரு சத்தம். சற்றுப் பொறுத்து இன்னொன்று.

"யாரோ தட்றாப்பல கீதேக்கா."

ரேச்சல் தம்ளரை வைத்துவிட்டு எழுந்தாள். என்ன சத்தம் என்று தெரியும். தெரிந்தும் போய் வாசல் கதவைத் திறந்து பார்த்தாள்.

தெருவில் வெயில் ஏறியிருந்தது.