வலப்பக்கத்து டோர் பேட்

இரண்டாவது முறையும் அது உட்காரவில்லை. மெஹராஜ் உள்ளங்கையால் தட்டிப் பார்த்தாள். முன்பக்கத்து கிளிப்புகள் கதவின் ஓட்டைகளுக்குள் இறங்கின. பின்பக்கத்து இரண்டும் அரை விரல் தள்ளியே நின்றன.

உக்கடத்தில் கார் சீட் தைக்கும் கடையைப் பதினாறு வருடமாக நடத்துகிறாள். டாக்சிகளுக்குக் கண்ணை மூடிக்கொண்டு தைப்பாள். இந்த வண்டி வேறு. அறுபது வருடத்துக்கு முன் இங்கிலாந்தில் செய்த, இரண்டே பேர் உட்காரும் சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார். பம்பு கம்பெனி நடத்தும் பாலகோபால், தன் அப்பாவின் காரைப் பெயிண்ட் வரை புதுப்பித்து, உள்வேலைக்கு அவளிடம் விட்டிருந்தார். கதவுகளின் உட்புறத்தை மூடும் டோர் பேடுகளை அரக்கு நிறத் தோலில், குறுக்கே ஐந்து தையல் கோடுகளோடு செய்ய வேண்டும். இரண்டு பக்கமும் கோடுகள் ஒன்றுபோல் ஓட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பழைய கார்களின் ஊர்வலம்.

இடது கதவு ஒரே நாளில் முடிந்தது. அதற்கு வெட்டிய அளவு அட்டையைத் திருப்பிப் போட்டு வலதுக்கு வெட்டினாள். சேரவில்லை. தோலுக்கு அடியில் வைக்கும் பலகை ஈரத்தில் ஊதியிருக்கும் என்று நினைத்து, புதுப் பலகை வாங்கி, ஸ்பாஞ்சைக் குறைத்து மறுபடி செய்தாள். அதுதான் இப்போது இளித்துக்கொண்டு நின்றது.

புதன்கிழமை மதியம் பாலகோபால் வந்தார். விளிம்பில் தெரிந்த இடைவெளியில் விரலை விட்டுப் பார்த்தார். அப்புறம் இடது கதவைப் பார்த்தார்.

“ஏனுங்க, இதைச் செஞ்ச கைதானுங்களா அதையும் செஞ்சுது?”

மெஹராஜுக்குக் காது சுட்டது. மூன்றாவது தோலை விரித்தாள். வெட்டப் போன கத்தரி நின்றது. இன்னொரு தோலையும் பாழாக்க அவளுக்கு மனமில்லை. டேப்பை எடுத்து, பலகையை விட்டுவிட்டு, கதவுகளையே அளந்தாள். வலது கதவு பின்பக்கம் முக்கால் அங்குலம் சாய்ந்திருந்தது. மேசையிலிருந்த காந்தத்தை எடுத்து அதன் வெளிப்பக்கம் வைத்தாள். ஒட்டாமல் கீழே விழுந்தது. பெயிண்டுக்கு அடியில் அத்தனை கனத்துக்குப் பட்டி பூசியிருந்தார்கள். எப்போதோ நசுங்கிய கதவை யாரோ கையால் தட்டி நிமிர்த்தியிருக்கிறார்கள் என்று அவரிடம் சொன்னாள்.

அப்பா வண்டியில் ஒரு கீறல்கூட விழுந்ததில்லை என்றார் அவர். அவள் மறுபடி காந்தத்தை வைத்தாள். மறுபடி விழுந்தது. அவர் கோபிசெட்டிபாளையத்தில் இருக்கும் அக்கா செவ்வந்திக்குப் போன் போட்டு, கோபத்தில் ஸ்பீக்கரையும் போட்டுவிட்டார். வண்டி எப்போதாவது இடிபட்டதா என்று கேட்டார்.

“அது நான்தான் கண்ணு. காலேஜ் சேர்ற வருசம், பொள்ளாச்சி ரோட்டுல புளியமரத்துல உட்டுப்போட்டேன். நீ சின்னப் பையன், ஊரெல்லாம் சொல்லிப்போடுவேன்னு அப்பா உங்கிட்ட மறைச்சுட்டாரு.”

பாலகோபால் போனை வைத்தார். நாற்பது வருடம் தனக்கு மட்டும் சொல்லவில்லை என்பதுதான் அவரை அரித்தது. கதவை மறுபடி தட்டி நிமிர்த்தினால் பெயிண்ட் போய்விடும், நாளும் இல்லை. கடைசியில், வலது கதவின் சாய்வுக்கே பேடை வெட்டித் தையல் கோடு போட்டு, இடதையும் அதே சாய்வில் மாற்றச் சொன்னார். இரண்டும் ஒன்றுபோல் இருந்தால் போதுமாம்.

கச்சிதமாக உட்கார்ந்திருந்த இடது டோர் பேடின் கிளிப்புகளை மெஹராஜ் ஒவ்வொன்றாக நெம்பி எடுத்தாள். ஒழுங்காகச் செய்ததைக் கழற்றுவது, தப்பாகச் செய்ததைக் கழற்றுவதைவிடக் கஷ்டமாக இருந்தது. வியாழன், வெள்ளி இரண்டு நாளும் தையல் மெஷினை விட்டு எழவில்லை.

சனிக்கிழமை காலை அவர் வந்து வண்டியில் உட்கார்ந்து, இரண்டு கதவுகளையும் சாத்தித் திறந்து பார்த்தார். நல்லா வந்திருக்குது என்றார். சாவியைத் திருகப் போனபோது மெஹராஜ் கதவைப் பிடித்துக்கொண்டாள்.

“ஒரு வார்த்தை சொல்லீட்டுப் போங்க சார். என் கை தப்பில்லைன்னு.”

“அதான் தெரிஞ்சுபோச்சுங்களே” என்று சொல்லி அவர் வண்டியைக் கிளப்பினார்.

சிவப்புக் கார் டவுன் பஸ்களுக்கு நடுவே புகுந்து மறையும் வரை அவள் வாசலிலேயே நின்றாள். அப்புறம் உள்ளே போய், வலதில் இரண்டும் இடதில் ஒன்றுமாக வீணான மூன்று பேடுகளிலிருந்தும் தோலைக் கிழித்தெடுத்தாள்.