வரிசையை அறுத்தவன்

இந்தக் காலத்து ஜனங்களுக்கு நிற்கத் தெரியவில்லை. சாயத் தெரியும், குந்தத் தெரியும், நடு ரோட்டில் தன் மூஞ்சியைத் தானே போட்டோ எடுத்துக்கொள்ளத் தெரியும். ஒருத்தன் முதுகுக்குப் பின்னால் ஒழுங்காக நில் என்றால் மட்டும் கால் கோணிக்கொள்கிறது. இதைச் சொல்ல எனக்கு யோக்கியதை உண்டு. சினிமா தியேட்டரில் டிக்கெட் வரிசையைக் கட்டி மேய்த்தவன் நான். கையில் எப்போதும் ஒரு கம்பு இருக்கும். அதனால் ஊரே என்னைக் கம்பு என்றுதான் கூப்பிட்டது. பள்ளிக்கூடத்தில் நான் கற்றது கொஞ்சம். அதிலும் வாசலில் வரிசையாக நிற்கவைத்ததுதான் ஞாபகம் இருக்கிறது.

தலைவர் செத்துப்போனார். நாட்டை உண்டாக்கினவர் என்று டிவி சொன்னது. நாடு அதற்கு முன்னாலும் இங்கேதான் கிடந்தது, நான் அதில்தான் பிறந்தேன். ஆனால் டிவியோடு யார் மல்லுக்கட்டுவது? உடம்பைப் பெரிய மண்டபத்தில் வைத்திருந்தார்கள். ஊரெல்லாம் அழுகை. எங்கள் எதிர்வீட்டுக்காரன், பெற்ற தாய்க்கே கண் கலங்காதவன், மாடிப்படியில் உட்கார்ந்து விம்மினான். யாராவது படியேறி வந்தால் சத்தம் கொஞ்சம் கூடியது. நான் வேண்டுமென்றே இரண்டு தரம் ஏறி இறங்கிப் பார்த்தேன்.

எனக்கு அழுகை வரவில்லை. என் தியேட்டரை இடித்துக் கார் நிறுத்துகிற இடமாக்கினது அவருடைய ஆட்கள்தான். என் வீட்டுக்காரியின் கதை வேறு. எங்களுக்கு முதலில் பிறந்த இரண்டும் தங்கவில்லை. மூன்றாவது பிறக்கும்போது, தலைவர் போட்ட திட்டத்தில் வீடு வீடாக வந்த ஒரு நர்ஸம்மா கூட இருந்தாள். அந்தப் பிள்ளை தங்கியது. இப்போது ஃபோனில் என்னை அதட்டுகிற அளவுக்கு வளர்ந்தும் விட்டது.

"நான் போய் அவரு பக்கத்துல நின்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு வரணும்" என்றாள்.

"நர்ஸுக்குச் சொல்லு. அவதானே காப்பாத்தினா?"

"நர்ஸை யாரு அனுப்பினா?"

"மாசச் சம்பளம் அனுப்புச்சு."

"உங்க வாயில நல்ல வார்த்தை வரணும்னா இன்னொரு தலைவர் பொறந்து வரணும்."

அன்றைக்குத்தான் கடைசி நாள். சாயங்காலம் கதவை மூடி, மறுநாள் காலையில் அடக்கம். அவளுக்கு முட்டி சரியில்லை, ரொம்ப நேரம் நிற்க முடியாது. அங்கேதான் என் அனுபவத்தை எடுத்து வீசினேன்.

"காலைல போகாதே. எல்லாரும் அப்பத்தான் முட்டுவான். மத்தியானத்துக்கு மேல போ, ஈ ஓட்டிக்கிட்டு இருப்பாங்க. எவ்வளவு கூட்டம் பாத்தவன் நான்!"

அவள் நம்பினாள். இத்தனை வருஷம் என்னோடு குடித்தனம் நடத்தியும் அவள் திருந்தவில்லை.

நான் மட்டும் வேடிக்கை பார்க்கக் காலையிலேயே போனேன். வேடிக்கை பார்க்கத்தான், வேறொன்றுமில்லை. வரிசை வங்கியைச் சுற்றி, மருந்துக்கடையைச் சுற்றி, பாலத்துக்கு அடியில் போய் நெளிந்தது. ஒரு அம்மா தன் கைப்பையைத் தரையில் வைத்து இடம் பிடித்துவிட்டு நிழலில் உட்கார்ந்திருந்தாள். எனக்குக் கை அரித்தது.

"ஏம்மா, பையா துக்கம் விசாரிக்கப் போகுது? வந்து நில்லு!"

வந்து நின்றாள். அவ்வளவுதான், எனக்குப் போதை ஏறிவிட்டது. "என் மச்சான் முன்னாடி நிக்கிறான்" என்று நுழைந்தவனை, "அப்போ மச்சானைப் பின்னாடி வரச் சொல்லு" என்று கடைசிக்குத் துரத்தினேன். கொஞ்ச நேரத்தில் நீலச்சட்டை போட்ட ஒரு தொண்டர் பெண் ஓடி வந்தாள்.

"ஐயா, நீங்க நல்லா பண்றீங்க. எங்களுக்கு ஆள் பத்தல" என்று என் கையில் கறுப்பு நாடாவைக் கட்டி, தலையில் தொப்பியையும் வைத்துவிட்டாள். வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். தொப்பி அளவாக இருந்தது, என்ன செய்ய?

ஆக, எனக்குப் பிடிக்காத மனுஷனுக்குச் சம்பளமில்லாமல் வேலைக்குச் சேர்ந்தேன். "தலைவரைப் பாக்க வந்திருக்கோம், மரியாதையா நில்லுங்க!" என்று ஒரு குரல் கேட்டது. யாரடா அது இவ்வளவு பக்தியாகக் கத்துகிறது என்று திரும்பிப் பார்த்தேன். நான்தான்.

மத்தியானத்துக்கு மேல் கூட்டம் குறையவில்லை. தியேட்டரில் படம் போட்டதும் டிக்கெட் கிடைக்காதவன் வீட்டுக்குப் போய்விடுவான். இங்கே படமே கிடையாது. வேலை முடிந்து வருகிறவனெல்லாம் நேரே வரிசைக்கு வந்தான். இது என் மரமண்டைக்கு முன்கூட்டியே தோன்றவில்லை.

வெயில் தாழ்ந்ததும் நீலச்சட்டைப் பெண் முகம் வாடி வந்தாள். "ஐயா, பாதிப் பேருக்கு மேல உள்ள போக முடியாது. வரிசையை நிறுத்தச் சொல்றாங்க. எங்க யாருக்கும் மனசு வரல."

"இதுக்கு மனசு எதுக்கும்மா? கை போதும்" என்றேன், பெரிய வீரன் மாதிரி.

மருந்துக்கடை முனையில் ஒரு தாடிக்காரனுக்குப் பின்னால் என் கையைக் குறுக்கே நீட்டினேன். "இவரோட சரி! பின்னாடி இருக்கிறவங்க வீட்டுக்குப் போகலாம். டிவில காட்டுவாங்க!"

"கையை எடுங்க" என்றது ஒரு குரல். அதை எனக்குத் தெரியும். குடையும் கையுமாக, கல்யாணத்துக்குப் போகிற துணியை உடுத்திக்கொண்டு, என் வீட்டுக்காரி நின்றாள். அறுத்த இடத்தில் முதல் ஆள் அவள்தான்.

"எடுக்க முடியாது" என்று என் வாய் தானாகச் சொல்லிவிட்டது. தொழில் பழக்கம்.

"மத்தியானத்துக்கு மேல வரச் சொன்னது யாரு?"

"நான்தான்."

"ஈ ஓட்டுவாங்கன்னது?"

"அதுவும் நான்தான்."

பின்னாலிருந்து ஒருத்தன் எட்டிப் பார்த்தான். "பெரியவரே, அந்தம்மா யாரு?"

"என் வீட்டுக்காரி."

"அதானே பாத்தேன்! காலைலேர்ந்து எங்களை என்னா அதட்டு அதட்டினீங்க! இப்ப சொந்தத்துக்குத் தனி வழியா?"

கையை எடுத்தால் தெருவே உள்ளே புகும். எடுக்காவிட்டால் எனக்கு வீட்டுக்குள் வழி கிடையாது. அவள் குடையை ஊன்றிக்கொண்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: "தியேட்டர்லயும் என்னை ஒரு தடவைகூட வரிசை தாண்டி விட்டதில்ல நீங்க. அப்பல்லாம் எனக்கு அதுல பெருமைதான். இன்னிக்கு மட்டும் அந்தப் பெருமை வேணாங்க."

அவள் முட்டி நடுங்கியது. நான் தொப்பியைக் கழற்றினேன். அதட்டித்தான் எனக்குப் பழக்கம், கெஞ்சத் தெரியாது. அதனால் கெஞ்சலும் அதட்டல் மாதிரியே வந்தது.

"இந்தாங்கப்பா! இவளுக்கு முட்டி சரியில்ல. லேட்டா வரச் சொன்ன முட்டாள் நான்தான். இவ ஒருத்தியை விடலாமா, வேணாமா? நீங்களே சொல்லுங்க!"

"வேணாம்!" என்றான் ஒருத்தன், யோசிக்காமல்.

"பாவம்யா, விடுங்க" என்றது இன்னொரு குரல். "அப்போ எங்கம்மா பாவமில்லையா?" என்றது வேறொன்று. சண்டை மூண்டது. துக்கத்துக்கு வந்த கூட்டம் ஒருத்தனை ஒருத்தன் அடிக்காத குறை.

தாடிக்காரன் வரிசையை விட்டு வெளியே வந்தான். "அம்மா, நீங்க என் இடத்துல நில்லுங்க. ஒரு ஆளுக்கு ஒரு ஆள், யாரும் பேச முடியாது."

சண்டை அடங்கியது. அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொன்னாள். பிறகு போய் நின்றாள்.

"ஏன்யா, நீ எவ்வளவு நேரமா நிக்கிறே?" என்று கேட்டேன்.

"பரவால்ல ஐயா. தலைவரு ஒண்ணும் நினைச்சுக்க மாட்டாரு" என்று சொல்லி, வேகமாக நடந்து மறைந்துவிட்டான். கூட்டமே அவனைத் தங்கமான பையன் என்றது. எனக்கு அவன் நடையில் சந்தேகம். மூத்திரம் முட்டியிருக்கும்.

இருட்டத் தொடங்கும்போது அவள் வெளிவாசலுக்கு வந்தாள். கண் சிவந்திருந்தது.

"சொன்னியா?"

"எங்க சொல்ல? நகரு, நகருன்னு தள்ளிட்டாங்க. உங்களை மாதிரியே ஒரு ஆளு, கம்புதான் இல்ல." மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "மனசுல சொன்னேன். நர்ஸம்மாவுக்கும் சேர்த்து."

நான் அவள் குடையை வாங்கிக்கொண்டேன். அதற்குள் நீலச்சட்டைப் பெண் வந்தாள். "ஐயா, தொண்டர்களுக்குப் பக்கத்து வாசல் திறந்திருக்கு. நீங்களும் ஒரு தடவை பாத்துட்டுப் போங்க."

"போய்ட்டு வாங்களேன்" என்றாள் என் வீட்டுக்காரி. "எவ்வளவு நேரம் ஆயிடும்?"

"வெளிய நிறுத்தின ஜனமெல்லாம் வீட்டுக்குப் போயிருக்கு. நான் பக்கத்து வாசல்ல போறதா? அதுவுமில்லாம, போய் என்ன கேக்க? என் தியேட்டரை ஏன்யா இடிச்சேன்னு கேட்டா பதிலா சொல்லப் போறாரு?"

நாடாவையும் தொப்பியையும் பெண்ணிடம் கொடுத்தேன். தொப்பியைக் கொடுக்கத்தான் கொஞ்சம் கஷ்டமாக இருந்தது. என் வீட்டுக்காரி என் தோளைப் பிடித்துக்கொண்டு நொண்டி நொண்டி வந்தாள். பின்னால் ஒலிபெருக்கியில் அவர் பெருமையைப் பாடிக்கொண்டிருந்தார்கள்.

"இவ்வளவு பேர் சும்மாவா அழுவாங்க?" என்றாள்.

"எதிர்வீட்டுக்காரனைக் கேளு."

"நான் அழுததும் பொய்யா?"

"உன்னைச் சொன்னேனா? மத்தவங்களைச் சொல்றேன். நட."